கரண்டியர்

வீரகத்தியர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் என்னோடு கதைக்கமாட்டார். கதவைத் திறப்பார், சாத்துவார், மறுபடி திறப்பார். பிணைச்சலுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பார். பிறகுதான் என் பக்கம் திரும்பி, "மாஸ்ரர், கதவார் சுகமாய் இருக்கிறார்" என்பார். என் சுகத்தை அவர் இதுவரை விசாரித்ததில்லை.

கண்டாவளைப் பக்கம் காடு வெட்டி எழுந்த எங்கள் குடியேற்றத் திட்டத்தில் நாற்பது வீடுகள். எல்லாம் ஒரே அச்சு. பள்ளிக்கூடத்து வாத்தியார் என்பதால் எனக்கும் ஒன்று கிடைத்தது. போன பங்குனியில் வீடுகளைக் கையளித்த ஓவசியர், "கதவு, யன்னல், பூட்டு, எதிலை பழுது வந்தாலும் ஒரு வருசம் கரண்டி" என்று அறிவித்தார். உத்தரவாதத்தைத்தான் இங்கிலீசில் அப்படிச் சொன்னார். பதினேழாம் வீட்டு நாகேஸ்வரி இரண்டு கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாருக்கும் கரண்டி குடுத்தாச்சோ? எனக்கு இன்னும் வரேல்லை" என்று கேட்டார். ஊரே சிரித்தது. பழுது பார்ப்பதற்கென்று, வீடுகளைக் கட்டிய கொந்தராத்துக்காரர் விட்டுப்போன தச்சர் வீரகத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் சிரட்டையில் பிடி போட்டு ஓர் அகப்பை செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். "சொன்ன சொல்லு சொன்னதுதானே, பிள்ளை." அன்றைக்கே அவர் கரண்டியர் ஆனார்.

ஐம்பத்தெட்டு வயது. காதில் பென்சில், மடியில் திருகாணி நிறைந்த ஒரு தகரப் பேணி. முன்பு சீமெந்து அடுக்கியிருந்த கொட்டிலில் தனியாகக் காய்ச்சித் தனியாகச் சாப்பிடுகிறார். மிஞ்சிய பலகையில் இரண்டு கதிரைகள் செய்து வாசலில் போட்டிருக்கிறார். இரண்டாவதில் ஒருவரும் இருந்து நான் கண்டதில்லை.

மாரி தொடங்கியதும், காயாத மரத்தில் செய்த கதவுகள் ஊதிப்போயின. சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்த முடியவில்லை. நாங்கள் பாவிகள் திட்டித் தீர்த்தோம். கரண்டியருக்கோ அது திருவிழாக் காலம். காலையில் ஒரு வீட்டில் தேத்தண்ணி, மத்தியானம் இன்னொரு வீட்டில் சோறு. "இவர் கோவக்காரர், மெல்லத்தான் சீவவேணும்" என்று சீவுளியைத் தள்ளிக்கொண்டே நாள்முழுதும் கதைப்பார். ஆனால் மனுசன் கெட்டிக்காரத் தச்சன், அதுதான் வினையாகப் போயிற்று. அவர் ஒருமுறை தொட்ட கதவு மறுமுறை அவரைக் கூப்பிடவில்லை.

பொங்கலுக்குப் பிறகு முறைப்பாடே இல்லை. வீடுவீடாகப் போய், "ஏதும் பழுது கிழுது?" என்று கேட்பார். "ஒண்டுமில்லை ஐயா, எல்லாம் திறம்" என்பார்கள். அதைக் கேட்டு அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஒரு திருகாணியை வேண்டுமென்று இளக்கிவிட்டிருக்கலாம். அவருக்கு அது வராது. கதவைப் பற்றி ஒருநாளும் பொய் சொல்லாத மனிதர்.

இந்தப் பங்குனியோடு வருடம் முடிகிறது. நாற்பது வீட்டாரும் "பழுதில்லை" என்று ஒப்பம் வைத்த கடதாசியோடு வெள்ளிக்கிழமை அவர் லொறியில் ஏறவேண்டும். கொட்டிலையும் பிரித்து ஏற்றிவிடுவார்கள். ஓர் ஒப்பம் குறைந்தாலும், அந்தக் குறை தீரும்வரை அவர் இங்கேயே நிற்கவேண்டும் என்பது கொந்தராத்துக்காரரின் கட்டளை.

"ஊருக்குத்தானே போறியள், சந்தோசமில்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் மனைவி செத்துப் பத்து வருடம். பிள்ளைகள் இல்லை. அராலியில் அவருடைய வீட்டில் இப்போது தம்பி குடும்பம் இருக்கிறது.

"அங்கை போய் ஆரின்ரை கதவைத் தட்டுறது, மாஸ்ரர்?" என்றார்.

நேற்று, வியாழன் பின்னேரம் வந்தார். கடதாசியில் முப்பத்தொன்பது வீட்டாரின் ஒப்பங்களும் கைநாட்டுகளும் இருந்தன. கடைசி இடம் என்னுடையது. நான் பேனையைத் திறந்தேன். அவர் வழக்கம்போல் கதவைத் திறந்து சாத்தினார். ஒரு முனகல்கூட இல்லை. போன மாரி முழுக்க நனைந்து, அவர் கையாலேயே சீவிச் சரிப்படுத்திய கதவு. அவர் வெகுநேரம் காதை வைத்தபடி நின்றார்.

"இவர் இன்னும் ஒரு மாரி பாக்கவேணும்" என்றார், என் முகத்தைப் பாராமல்.

அடுத்த மழைக்கு ஏழு மாதம் கிடக்கிறது. அவர் கடதாசியை நாலாய் மடித்து மடியில் செருகினார். பிறகு என் கையிலிருந்த பேனையை மெல்ல வாங்கி, மூடியைப் போட்டு, என் சட்டைப்பையில் வைத்தார்.