மத்திகிரி வீடும் என் வரைபடமும்

எங்கள் வாடகை வீட்டுக்காரர் சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்து, காபி குடித்துவிட்டு, மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மாடி வேண்டும், ஆடி பிறப்பதற்குள் காலி செய்து கொடுத்தால் நல்லது என்றார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அந்தக் கெடுவில் நியாயம் இருந்தது. மூன்று மாதம் கொடுத்ததும் பெருந்தன்மைதான். ஆனாலும் அவர் படியிறங்கிப் போனதும் நான் காலண்டரை எடுத்து நாட்களை எண்ணினேன். ஒன்பது வருடம் வாடகை கொடுத்தது போதும், இனி சொந்த வீடுதான் என்று அன்றைக்கே நானும் மனைவியும் முடிவெடுத்தோம். முடிவெடுப்பது சுலபமாக இருந்தது. எந்த விலைக்கு, எப்போது என்பதில்தான் எனக்குத் தூக்கம் போனது.

நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். அளப்பதும், அளந்ததை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக் கோடு எங்கே போகிறது என்று பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஊர்ப்பேச்சு என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஓசூரில் ஒரு டீ குடிக்க நின்றால் மெட்ரோ வருகிறது என்பார் ஒருவர், ஏர்போர்ட் வருகிறது என்பார் இன்னொருவர், டீ ஆறுவதற்குள் நிலத்தின் விலையை ஏற்றிவிடுவார்கள். என் மனைவி இதே மாவட்டத்தில் கல்லாவி ஊர்க்காரி, விவசாயக் குடும்பம். அவளுக்கு ஒரு விஷயம் பட்டால் பட்டதுதான். எப்படி என்று கேட்டால் சிரிப்பாள்.

வைகாசி ஆரம்பத்தில் ஒரு சனிக்கிழமை காலை ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டின் சொந்தக்காரர் தளிப் பக்கம் பூ விவசாயம் செய்கிற பெரியவர். மகனுக்காகக் கட்டிய வீடு, மகன் பெங்களூரிலேயே தங்கிவிட்டான். என் மனைவி உள்ளே நுழைந்தாள், சமையலறை ஜன்னலைத் திறந்தாள், குழாயைத் திருகினாள், அலமாரிக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். பிறகு என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏங்க, இது நமக்குத்தானுங்க. உள்ள வந்ததுமே தோணிடிச்சு."

"எதை வச்சுச் சொல்ற?"

"அது என்னமோ தெரியலைங்க. போன வருசம் பூ வாங்க இந்தப் பக்கம் வந்தப்ப இந்த முக்குல ஒரு கம்பெனி பஸ்ஸுகூட நிக்கல. இன்னிக்குப் பாத்தீங்களா, வரிசையா நிக்குது. இட்லி கடைக்காரம்மா ரெண்டாவது அடுப்பு வாங்கிட்டாங்க. ஆளுங்க வராமயா வாங்குவாங்க? இப்ப விட்டா அப்பறம் இந்தப் பக்கம் நாம எட்டிப் பாக்க முடியாதுங்க."

"இட்லி அடுப்பைப் பாத்தா வீடு வாங்குவாங்க?" என்று கிண்டல் செய்தேன். அவளும் சிரித்தாள். பெரியவர் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

"அம்மாவுக்குப் பிடிச்சுப் போச்சு சார். வைகாசி முடியற வரைக்கும் நான் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன். ஆனா ரேட்டு மட்டும் கம்மி மாடபேடி."

விலையைக் குறைக்கச் சொல்லாதே என்று கன்னடத்தில் அவர் சொன்னதுதான் என்னைச் சீண்டியது. யாரோ சொன்ன விலைக்கு நான் ஏன் தலையாட்ட வேண்டும்? பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம், எந்த மனை எந்தத் தேதியில் எவ்வளவுக்குக் கைமாறியது என்று அதில் இருக்கும். மூன்று வாரம், வேலை முடிந்து வந்ததும் அதுதான் வேலை. அந்த வீட்டைச் சுற்றியிருந்த சர்வே எண்களை ஒன்றுவிடாமல் போட்டு, ஒவ்வொரு விற்பனையையும் சதுர அடிக் கணக்காக்கி, தொழிற்சாலையில் செய்வது போலவே வரைபடம் போட்டேன். புள்ளிகள் நூல் பிடித்ததுபோல ஒரே கோட்டில் நின்றன. வருடக்கணக்காக அதே கோடு. நடுவில் ஒரே ஒரு படி ஏறியிருந்தது, அதன் பிறகு மறுபடி நேர்கோடு. பெரியவர் சொன்ன விலை அதற்கு எங்கேயோ மேலே தொங்கியது.

எனக்குக் கர்வம் தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"பாரு, விலை அசையவே இல்ல. அவரு சும்மா உருட்டுறாரு. வைகாசி முடியட்டும், ஆனியில தானா இறங்கி வருவாரு. பாத்துக்கிருவோம்."

அவள் கோட்டை வெகுநேரம் பார்த்தாள். "அரசாங்கத்துலயே போட்டிருக்கறதாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப எனக்குத்தான் தெரியல போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வைகாசி முடிந்தது. நான் ஃபோன் செய்யவில்லை. அவர் செய்வார் என்று காத்திருந்தேன். பயம் வந்தபோதெல்லாம் வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொள்வேன், கொஞ்சம் அடங்கும்.

ஆனி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, காலை ஷிப்டில் ஒரு ரீடிங் தாள் என் மேஜைக்கு வந்தது. மணிக்கொரு முறை ஐந்து உருப்படி எடுத்து விட்டத்தை அளந்து எழுத வேண்டிய தாள். மேலிருந்து கீழ்வரை ஒரே எண். பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. எந்த மெஷினும் அப்படி ஓடாது. இம்மியளவாவது ஏறி இறங்கினால்தான் யாரோ நிஜமாகவே கருவியைக் கையில் எடுத்தார்கள் என்று அர்த்தம். 'அளக்காமல் எழுதியது' என்று சிவப்புப் பேனாவில் எழுதி முடிக்கும்போதுதான் வீட்டில் நான் போட்டிருந்த வரைபடம் நினைவுக்கு வந்தது.

மத்திகிரியிலும் யாரும் அளக்கவில்லை. பத்திரத்தில் அரசாங்கத்தின் வழிகாட்டி மதிப்பை ஒட்டி ஒரு தொகையை எழுதிவிட்டு, மீதியைக் கையில் கொடுத்து முடித்திருக்கிறார்கள். நடுவில் ஏறிய அந்த ஒரு படி, அரசாங்கம் மதிப்பை மாற்றிய நாள். நான் மூன்று வாரம் உட்கார்ந்து வரைந்தது விலையே அல்ல. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? டீக்கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரிந்தது எனக்கும் தெரியும். ஆனால் எண்கள் தேதியோடு வரிசையாக வந்து நின்றதும் என் புத்தி கைகட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஒரு தாளில் பத்து ரீடிங் ஒன்றாக இருந்தால் பிடித்துவிடுகிறவன், சொந்த வீட்டு விஷயத்தில் அதையே பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

பெர்மிஷன் போட்டுவிட்டு மத்திகிரிக்கு வண்டியை விரட்டினேன். பெரியவர் வாசலில்தான் நின்றிருந்தார். பெயின்டரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"முந்தாநேத்து வேற ஆள்கிட்ட டோக்கன் அட்வான்ஸ் வாங்கிட்டேன் சார். நீங்க ஒரு ஃபோனும் மாடலில்ல. நானா எப்படிக் கேக்கறது?" என்றார். அவர் சொன்ன விலையையே தருகிறேன், கூடவும் தருகிறேன் என்று கெஞ்சினேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அவர் தலையசைத்தார். கடைசியில், "அம்மாகிட்ட என்ன சொல்லப் போறீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் அன்று வீட்டுக்கு நேராகப் போகாமல் தர்கா வரைக்கும் போய்த் திரும்பினேன்.

சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "சரி விடுங்க" என்றாள். மறுநாள் காலை அவள் யாருக்கோ ஃபோன் பேசுவது கேட்டது. மத்திகிரியிலிருந்து எங்கள் மகளின் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவரிடம் ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருக்கிறாள். "இல்லைங்கண்ணா, நாங்க வரலைங்க, வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனி முடிவதற்குள் பழையதைவிடச் சின்ன ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். ஆடி, ஆவணி என்று மாதங்கள் போகப்போக, மத்திகிரியில் அடுத்தடுத்து விற்ற வீடுகளின் நிஜ விலையைத் தரகர்கள் சொல்லக் கேட்டேன். அவள் சொன்னதுபோலவே அந்தப் பக்கம் இனி எங்களால் எட்டிப் பார்க்க முடியாது.

இப்போது பாகலூர் சாலையில் ஒரு வீடு வந்திருக்கிறது. இந்த முறை வில்லங்கத்தில் உரிமையை மட்டும் பார்த்தேன், விலையைப் பார்க்கவில்லை. என் மனது என்ன சொல்கிறது என்று கேட்டுப் பார்த்தேன். காலையில் வாங்கு என்றது, குளித்துவிட்டு வருவதற்குள் வேண்டாம் என்றது. அது உள்ளுணர்வா வெறும் பயமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதனால் ஒன்றை மட்டும் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். இவள் என்ன சொல்கிறாளோ அதுதான். அதை அவளிடம் சொல்லாமல் நேற்று அழைத்துப் போனேன்.

அவள் ஹாலின் நடுவில் போய் நின்றாள். ஜன்னலைத் திறக்கவில்லை, குழாயைத் தொடவில்லை. தரகர், "பிடிச்சிருக்குதுங்களாம்மா?" என்று கேட்டார். "அவருக்குப் பிடிச்சா சரிங்க" என்றாள். வெளியே வந்து வண்டியை எடுப்பதற்கு முன் நான் கேட்டேன்.

"உனக்கு என்ன தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணலைங்க."

"சும்மா சொல்லு."

"நெசமாத்தாங்க. அன்னிக்கு நீங்க கோட்டைக் காட்டினதும் நான் நெனச்சதெல்லாம் பைத்தியக்காரத்தனம்னு ஆயிடிச்சு. அதுக்கப்பறம் எதைப் பாத்தாலும் சரியா தப்பான்னு தெரிய மாட்டேங்குது. கறிகாய் வாங்கறப்பகூட ரெண்டு தடவை யோசிக்கறேன்." அவள் குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. "நீங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துச் சொல்லுங்க. அதுல வந்தா வாங்கிடலாம்."

தரகர் இன்று மாலைக்குள் பதில் கேட்டிருக்கிறார். காலையிலிருந்து நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவள் இரண்டு முறை வந்து, வந்துடிச்சாங்க என்று கேட்டுவிட்டுப் போனாள். திரையில் ஒன்றுமே இல்லை, ஆனால் அவள் உள்ளே வரும்போதெல்லாம் நான் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறேன்.