அசதிக்கு ஒரு வகுப்பு

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் கோலாலம்பூரிலிருந்து கிளம்பும் நீண்டதூர விமானங்களில் துணை விமானி. அடுத்தடுத்த பயணங்களால் சரியான தூக்கமே இல்லை. அன்று புறப்படும் முன், விமானத்தின் எடையை நூறு டன் குறைத்துக் கணினியில் பதிந்துவிட்டேன். அந்தக் கணக்கை நம்பிக் கிளம்பியிருந்தால், ஓடுபாதை முடிந்தும் விமானம் எழும்பியிருக்காது.

கேப்டன் அண்ணன்தான் கவனித்தார். "இரு தங்கச்சி, கிளம்புற வேகம் ரொம்பக் கம்மியா காட்டுது லா. எடையைப் பாரு."

பார்த்தேன். சரியான எடையைப் பதிந்தேன்.

தூக்கமில்லாததால் வந்த தவறு என்று நானே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "சட்டப்படி ஓய்வு கொடுத்தாச்சே," என்றார் மேலாளர். ஏதோ ஒரு நாட்டு ஹோட்டலில், பட்டப்பகலில், தூக்கம் வராமல் கண்ணை மூடிப் படுத்துக் கிடந்ததற்குப் பெயர் ஓய்வாம்!

விடுப்பில் சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் வீட்டுக்கு வந்தேன். சாப்பிட உட்காரும்போது அந்த மேலாளரே போன் செய்தார். அசதியைச் சமாளிப்பது எப்படி என்று எனக்கு வகுப்பாம். நாளைக் காலையிலேயே கோலாலம்பூரில் இருக்க வேண்டுமாம்.

"நாளைக்கு எனக்கு லீவு சார். தூங்கப் போறேன்."

"அப்போ வரலைன்னு எழுதிடவா?"

"எழுதுங்க. ஏன் வரலைன்னும் சேர்த்து எழுதுங்க."

அன்றுதான், அசதியை என் குற்றமாக நினைக்காமல் தூங்கினேன்.