மணி அடிப்பதற்குள்

கிண்டி எஸ்டேட்டில், கார் கதவுக்கு உள்பலகை செய்து பார்க்கிற ஒரு கூடத்தில் எனக்கு வேலை. கார்பன் துணியை வெட்டிச் சூடான அச்சில் அடுக்குவேன். ரெசின் பசையை ஊற்றியதும் மேலிருந்து பிரஸ் மிஷின் இறங்கி அழுத்தும். இரும்பைவிட லேசு, கார் எடை குறையும் என்பார்கள். எட்டாவதோடு நின்றவள் நான், அதற்கு மேல் கேட்டால் தெரியாது.

ஆரம்பத்தில் ரெசின் இறுக முக்கால் மணி நேரம் பிடிக்கும். இறுகியதும் மிஷினில் மணி அடிக்கும், அதுவரை பிரஸ்ஸைத் திறக்கக் கூடாது. சைதாப்பேட்டை வீட்டில் நான் ஒருத்திதான். நாள் முழுக்க நான் வாயைத் திறந்து பேசுவது அந்த முக்கால் மணியில்தான். பிரஸ் ஓட்டுகிற அண்ணன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"சொல்லும்மா, இன்னிக்கு எதுக்குப் பயந்துகினு வந்தே?"

கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, எல்லாம் சொல்வேன்.

"கேஸு மூடித்தான் கீது. உன் வாய்தான் மூடல."

இன்ஜினீயர் தம்பி ரெசின் கலவையை மாற்றி மாற்றிப் பார்த்தார். முக்கால் மணி அரை மணியாயிற்று, பிறகு பத்து நிமிஷம். மூன்று நிமிஷத்துக்கு வந்தால்தான் கார் கம்பெனி வாங்கும் என்று கண் சிவக்க அலைந்தார். பிள்ளையாரிடம் அவருக்காக வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் கூடத்தையே மூடிவிடுவார்களோ என்று பயம். வந்துவிட்டால் நான் யாரோடு பேசுவது என்று அதைவிடப் பெரிய பயம். அதைப் பிள்ளையாரிடம் எப்படிச் சொல்வது?

வந்துவிட்டது. அன்று பிரஸ் இறங்கியதும் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டேன்.

"அண்ணே, என் பீரோவுக்குள்ள ஒரு பூனை பூந்துடிச்சு. வயிறு இம்மாம் பெரிசு. குட்டி போடப் போவுதோ என்னவோ..."

மணி அடித்தது. பலகை பளபளவென்று வெளியே வந்தது. ஓரத்தில் வழிந்திருந்த ரெசினை நகத்தால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது.

"இன்னாம்மா, அதுக்குக் கைரேகை பாக்குறியா?" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி லட்டு கொடுத்தார். பூனையை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு பலகை வேகுவதற்குள் அடுத்ததற்குத் துணி தயாராக வேண்டும். தலை நிமிர நேரமில்லை. ஸ்டூல் மூலைக்குப் போய், அதன்மேல் மெழுகு டப்பா ஏறிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். சிக்னலில் அண்ணன் பைக்கில் நின்றார். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு கத்தினார்.

"யம்மா, அந்தப் பூனை இன்னா ஆச்சு?"

"மூணு குட்டிண்ணே! அதுல ஒண்ணு..."

பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அண்ணன் கையை ஆட்டிவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டி எங்கேயாவது இடித்துக்கொள்வாரோ என்று, வண்டி மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக் குட்டிக்கு ஒரு கண் இன்னும் திறக்கவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.