பதினெட்டாம் பக்கத்துப் பெண்

வோல்டா நதிக்கரைப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக யாய்ரா செய்துவந்த வேலை, கேட்பது. வகுப்புகள் எப்படி நடக்கின்றன, முடிவுகளை யார் எடுக்கிறார்கள் என்று விரிவுரையாளர்களிடம் கேட்டு, ஒலிப்பதிவு செய்து, அறிக்கை எழுதுவாள். பெயர்களை நீக்கிவிட்டு எண் போடுவாள். “யாய்ராகிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு” என்று நம்பித்தான் எல்லோரும் பேசினார்கள்.

பாலைவனத்திலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்றின் புழுதி மேசையில் படிந்திருந்த ஒரு காலையில், அவளுடைய புதிய அறிக்கை ஆட்சிக்குழுவினர் கைக்குப் போனது. பத்து மணிக்கெல்லாம் பதிவாளரின் செயலர் அஃபி தொலைபேசியில் அழைத்தாள்.

“அக்கா, ஐயா பதினெட்டாம் பக்கத்த மூணு தடவ படிச்சிட்டாரு. ரெண்டு மணிக்கு வரணுமாம். ஒலிப்பதிவையும் கொண்டுவரச் சொன்னாரு.”

யாய்ரா பக்கத்தைப் புரட்டினாள். ‘எண் 7. மண்ணியல் துறை, பெண், பத்தொன்பது ஆண்டு அனுபவம்: இங்கே பதவிக்கு ஆளை முதலில் முடிவு செய்கிறார்கள், விளம்பரம் பிறகுதான் வருகிறது.’

மண்ணியல் துறையில் இருந்த ஒரே பெண் டெலாலி. அவளது பேராசிரியர் பதவி உயர்வு வெள்ளிக்கிழமை இதே ஆட்சிக்குழு முன் வருகிறது.

யாய்ரா அறிக்கையோடு டெலாலியின் ஆய்வகத்துக்கு ஓடினாள். டெலாலி அந்தப் பக்கத்தை நின்றபடியே படித்தாள்.

“தெருவச் சொல்லிட்ட, வீட்டுக்கு என்ன கலருன்னும் சொல்லிட்ட. கதவு நம்பர மட்டும் அழிச்சிருக்க. கெட்டிக்காரிடி நீ.”

“தப்பு என்னோடதுதான்க்கா.”

“ஒலிப்பதிவ குடுத்துருவியா?”

“யாருக்கும் தரமாட்டேன்னு உங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்.”

“உன் வேலை போயிடும்.”



இரண்டு மணிக்கு அவள் போனபோது பதிவாளர் அமெஜோ குரலை உயர்த்தவே இல்லை. “உட்காருங்கம்மா. தண்ணி குடிங்க. குரல ஒரு தடவ கேட்டா சந்தேகம் தீந்துடும்.”

“தர முடியாதுங்கய்யா.”

“உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிறதும் வெள்ளிக்கிழமைதான் குழு முன்னாடி வருது.”

“தெரியுங்கய்யா.”

அவர் பதினெட்டாம் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் டெலாலியின் பெயரை எழுதி, தாளை யாய்ரா பக்கம் திருப்பினார். “இது தப்புன்னா சொல்லுங்க. அழிச்சிடறேன்.”

தப்பு என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் பொய்யை அவர் அவள் முகத்திலேயே படித்துவிடுவார். “சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன்” என்றாள் ஒருவழியாக.

“அது போதும்மா. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லியிருப்பீங்க” என்று பதிவாளர் கோப்பை மூடினார்.

வெளியே நடைவழியில் டெலாலி காத்திருந்தாள். அவளை நோக்கிப் போகாமல் யாய்ரா வாசலிலேயே நின்றுவிட்டாள்.