சிரட்டை தெளிவாக விழுந்த படம்

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ருவான்வெல்லைக் கடைவீதியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைப் படம், கல்யாணப் படம், கோயில் திருவிழாப் படம் என்று வருவதற்குக் கையிலிருந்த கமராவே போதும். ஆனாலும் ரப்பர் தோட்டத்தில் ஒரு பழைய பங்களாவைக் காலிசெய்தபோது, மரப்பெட்டிக்குள் கிடந்த பெரிய கமரா ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். முன்பக்கத்தைத் திறந்தால் கறுப்புத் தோல் துருத்திபோல் நீண்டு வரும். ஒவ்வொரு படத்துக்கும் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிலிம் தாள்.

"இதுல எடுத்தா கண்ணு எமையைக்கூட எண்ணிப்புடலாம்" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார்.

அதில் அவர் முதலில் எடுத்தது, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருந்த ஒரு அக்காவின் குடும்பத்தை. அக்கா ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக எல்லாம் சரியாகிவிட்டது. போகுமுன் பிள்ளைகளோடு ஒரு நல்ல படம் வேண்டும் என்றார். எல்லோரையும் ரப்பர் மரத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்தோம்.

கழுவிய படத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கு முகமே இல்லை. பிள்ளைகள் புகைபோல நின்றார்கள். பின்னால் மரத்தில் கட்டியிருந்த பால் சிரட்டை மட்டும் நார் நாராகத் தெரிந்தது.

"அசைஞ்சிட்டாங்க போல" என்றார் அவர்.

"எல்லாருமா அசைஞ்சாங்க? உங்க கமரா சிரட்டையைத்தாங்க பாத்திருக்கு."

அவர் சிரிக்கவில்லை. அன்று சோறும் சரியாக இறங்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்து வெளியில் கமராவை முக்காலியில் ஏற்றினார். கையில் செய்தித்தாளைக் கொடுத்து என்னை எதிரே உட்காரவைத்தார். அந்தக் கமராவின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. அதில் கண்ணை வைத்தால் எதிரில் இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸை நகர்த்த நகர்த்த இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் தூரம் சரி என்று அர்த்தம். பின்பக்கத்தில் ஒரு மங்கல் கண்ணாடியும் உண்டு. அதில் படம் தலைகீழாக விழும், பிலிமில் விழப்போவது அப்படியே தெரியும். ஆனால் பிலிமை மாட்டிவிட்டால் அதில் பார்க்க முடியாது. துள்ளுகிற பிள்ளைகளை எடுக்க அந்தத் துளையைத்தான் நம்பவேண்டும்.

துளையில் பார்த்து என்னை ஒன்றாக்கினார். பிறகு கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணாடியில் பார்த்தார்.

"உன் மொகம் கலங்கிக் கெடக்கு. பின்னால வேலிக் கம்பி பளிச்சுன்னு இருக்கு."

"அப்ப கண்ணாடி பொய் சொல்லுதா, துளை பொய் சொல்லுதா?"

"கண்ணாடி பொய் சொல்லாது." துணிக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலில் முதன்முறையாக உற்சாகம் இருந்தது.

கமராவைத் தூரத்து மலையுச்சி மரத்தின் பக்கம் திருப்பினார். கண்ணாடியில் பார்த்து மரத்தைத் தெளிவாக்கினார். துளையில் பார்த்தால் இரண்டு மரம். துளைக்குப் பின்னாலிருந்த தகட்டைக் கழற்றினோம். உள்ளே நகத்தளவில் இன்னொரு கண்ணாடி லேசாகச் சாய்ந்திருந்தது. பஸ் குலுக்கலில் திருகாணி தளர்ந்திருக்க வேண்டும்.

திருகாணியைத் திருகித் தூரத்து மரத்தை ஒன்றாக்கினார். உடனே கிட்டத்தில் இருந்த நான் இரண்டானேன். உள்ளேயிருந்த கம்பியை நகர்த்தி என்னைச் சரிசெய்தார். மரம் பிரிந்துகொண்டது. மரம், நான், மறுபடி மரம். வெயில் ஏறியது. தெருவில் போன இளநீர்க்காரர் நின்று, "ஹரித?" என்று சிங்களத்தில் விசாரித்தார். "தாம நே" என்று இவர் தலையாட்டினார், இன்னும் சரியாகவில்லை என்று.

எனக்கு முதுகு வலித்தது. ஆனால் எழுந்துபோக மனமில்லை. கடை, சமையல், சொந்தக்காரர் என்று ஓடிய நாட்களில் அவர் என் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

"தலைகீழா எப்பிடிங்க இருக்கேன்?"

"நேராப் பாத்தா மொறைக்கிற. இதுல சிரிக்கிற மாதிரி இருக்கு."

ஒருவழியாக மரமும் ஒன்றானது, நானும் ஒன்றானேன். திருகாணி மறுபடி தளராமலிருக்க என் நகப்பூச்சைக் கேட்டார். எதிர்க் கடைக்கார நானாவிடம் பெருநாளுக்கு ஆசையாக வாங்கிய சிவப்பு. ஒரு சொட்டு வைத்து, காயும்வரை குழந்தைக்கு ஊதுவதுபோல ஊதிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்த இடைவெளியில் அக்கா குடும்பத்தோடு மறுபடி ரப்பர் மரத்தடிக்கு வந்தார். கடைக்குட்டி ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்து ஆடினாள், பிறகு இடுப்பில் ஏறிக்கொண்டாள். இவர் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் லென்ஸை நகர்த்திக்கொண்டே இருந்தார். அவள் அம்மாவின் கன்னத்தில் கன்னத்தை வைத்த நொடியில் எடுத்தார்.

படம் காய்ந்ததும் ஓடிப்போய் லயத்தில் கொடுத்தோம். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டார்.

"இவ கழுத்து மச்சம்கூட விழுந்திருக்கு தம்பி."

அக்கா படத்தைக் குவைத்துக்குக் கொண்டுபோகும் பையில் இருந்த புதுச் சேலையின் மடிப்புக்குள் வைத்துப் பையை மூடினார். பிறகு எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.