அழாத குழந்தையின் நெற்றி

ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. அதை நாங்கள் நல்ல சேதி என்று எடுத்துக்கொண்டோம்.

நாற்பதைத் தாண்டி எனக்குப் பிறந்த ஒரே குழந்தை. ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டாள். சென்னை மருத்துவமனையில் இன்குபேட்டருக்குள் (குறைமாதக் குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி) கிடந்தாள். பரிசோதனைக்காக அடிக்கடி குதிகாலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள்.

என் கணவர் செல்வம் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிப்பவர். எங்கள் ஊர் தோணிரேவில் இருக்கும் தம்பிக்கு உடனே போன் போட்டார்.

"குத்துனாக்கூட ஒரு சத்தம் இல்லடா. ஏரிக்காரன் பொண்ணுன்னா சும்மாவா!"

நர்ஸ் சிரிக்கவில்லை. "அது தைரியம் இல்லண்ணே. அழறதுக்குப் பலம் இல்ல. மூஞ்சியப் பாருங்க."

அடுத்த முறை பார்த்தோம். புருவங்களுக்கு நடுவே ஒரு மடிப்பு புடைத்தது. கண்கள் இறுகின. மூக்கோரக் கோடு ஆழமானது. திரையில் இதயத் துடிப்பு ஏறியது, ஆக்சிஜன் இறங்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவதே வலி மதிப்பீடு (சொல்லத் தெரியாத குழந்தையின் வலியை அளக்கும் முறை) என்றார் டாக்டர். இத்தனை நாளும் என் மகள் கதறியிருக்கிறாள். எங்களுக்குத்தான் கேட்கவில்லை.

செல்வம் பதறி அவள் முதுகைத் தடவினார். மானிட்டர் அலறியது.

"தடவாதீங்கண்ணே, அந்தத் தோல் தாங்காது. தலைமேல ஒரு கை, கால மடக்கிப் புடிச்சு ஒரு கை. அசையாம வைங்க."

"எறா புடிக்கிற மாரின்னு சொல்லு" என்றார் செல்வம்.

எங்கள் ஏரியில் இறாலைக் கையாலேயே பிடிப்பதுண்டு. தண்ணீர் கலங்காமல் சேற்றில் கையை இறக்க வேண்டும். கலங்கினால் துள்ளிவிடும்.

"எனக்கு எறா துன்னத்தான் தெரியும். நீங்க வைங்க" என்றார் நர்ஸ்.

செல்வம் வைத்தார். "நைனா கைடா இது" என்று மகளிடம் முணுமுணுத்தார். மடிப்பு மெல்ல விரிந்தது. நர்ஸ் போட்ட வலி மதிப்பெண் முதன்முறையாகக் குறைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஊசிக்கும் செல்வத்தின் கைகளும், வலி தணிய நாக்கில் சொட்டு சொட்டாக என் பாலும்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, குத்தியதும் வார்டே திரும்பிப் பார்க்க வீறிட்டாள். நர்ஸ் கைதட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. செல்வம் தம்பிக்குப் போன் போட்டு அவள் பக்கம் நீட்டினார்.

"கேட்டுக்கடா! இதாண்டா பலம்!"

மறுமுனையில் படகுத்துறையே கூச்சலிட்டது.

குறைமாதக் குழந்தையோடு காத்திருப்பவர்களே, அது அமைதியாகக் கிடந்தால் முகத்தைப் பாருங்கள். வலிக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்போது அவள் துறையில் ஓடி விழுந்தால் ஊரே கேட்கக் கத்துகிறாள். "இன்னா தொண்டைடி இது!" என்கிறார்கள். நான் அடக்குவதில்லை. அவள் சத்தமின்றித் தூங்கும்போதுதான் என் உள்ளங்கை தானாகக் குவிகிறது. நெற்றியைப் பார்க்கிறேன். மடிப்பில்லை. அதன் பிறகே எனக்கு அடுத்த நிமிடம் தொடங்குகிறது.