வேர்க்கடலைக் கவுண்டிக்கு ஒரு வரி

பார்க்காத ஊரைப் பார்த்த மாதிரி எழுதுவதுதான் எங்கள் தொழில். பெயரில்லாமல் எழுதிப் பிழைக்கும் சகபாடிகளே, உங்களுக்குப் புரியும். எம்.ஏ. வரலாறு படித்துக்கொண்டே, திண்டிவனத்தில் ஒரு சின்ன அலுவலகத்துக்காக, அமெரிக்காவில் ஒரு கவுண்டியின் (நம் தாலுகா மாதிரி) இணையதளத்துக்கு ஊர் விவரம் எழுதுகிறேன்.

ஆறு

அந்தக் கவுண்டியின் ஓடைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். விழுப்புரத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டரைத் தவிர யாரும் என்னிடம் பேசுவதில்லை. ஒருநாள் பக்கத்து சீட்டு அம்மா “எங்கம்மா வேலை?” என்று கேட்டுவிட்டார். அந்தக் கவுண்டியில் ஆறு எங்கே வளைகிறது, ரோடு எங்கே பிரிகிறது என்று கொட்டித் தீர்த்தேன்.

“அங்க யார் கீறாங்க உனக்கு?”

“யாரும் இல்லீங்க.”

கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது சொன்னார்: “யாருமே இல்லாத ஊருக்கா இவ்ளோ வழி தெரிஞ்சி வச்சிக்கினு கீற?”

அறுவடை

அங்கே வேர்க்கடலைதான் பயிர், நம் மல்லாட்டை. எங்கம்மா எங்கள் ஊர் காணையில் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை பிடுங்கி ஆய்கிற கூலி. எனக்குத் தெரிந்த அறுவடை அதுதான். அதனால், ‘பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள்’ என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். கவுண்டி அலுவலகப் பெண்மணி திருத்தி அனுப்பினார்: “இங்கே எல்லாம் மெஷின். வயலில் ஆட்களைப் பார்த்தே ரொம்ப நாளாயிற்று.”

வரலாறு

விடுவேனா? மெஷினுக்கு முன்னால் பிடுங்கியது யார்? அவர்கள் கொடுத்த வரலாற்றில் நிலம் வாங்கியவர், ரயில் கொண்டுவந்தவர், வங்கி வைத்தவர் எல்லாருக்கும் பெயர் உண்டு. ஒரு பழைய படத்தில் மட்டும் கறுப்பினப் பெண்கள் வயலில் குனிந்து நின்றார்கள். அடியில், ‘நல்ல விளைச்சல்’. நான் ஒரு வரி சேர்த்தேன்: ‘இதைப் பிடுங்கியவர்கள் சொந்த நிலமில்லாத இந்தப் பெண்கள்.’

எங்கள் டீம் லீடர் அந்த வரியை எடுக்கச் சொன்னார்.

“பொய்யாண்ணா?”

“இல்லம்மா. அவங்க கேட்டாங்களா?”

“கேக்கலன்னா நடக்கலையா?”

“வேலை வேணுமா வேணாமா? ஜல்தியா எடுத்துடு, பேஜாரு பண்ணாத.”

எடுக்காமலே அனுப்பினேன். இரண்டு வாரம் பதில் இல்லை. டீம் லீடரும் பேச்சை நிறுத்திவிட்டார். மூன்றாவது வாரம் அந்தப் பெண்மணி எழுதினார்: “வரி இருக்கட்டும். பெயர்கள் விசாரித்தேன், சொல்ல ஆள் இல்லை.”

ஆக, கடல் தாண்டிய கவுண்டியில் ஒரு வரிக்கு இடம் பிடித்துவிட்டேன். காணையைப் பற்றி எழுதச் சொல்லித்தான் இன்னும் ஒரு வாடிக்கையாளரும் வரவில்லை.